முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்கள் லாபி செய்யத் தடை: ஃப்ளோரிடா சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநிலத் தலைநகர் டாலஹாசியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கினாலும் சரி, தேர்தல் நெருங்கினாலும் சரி, இங்கே ஃப்ளோரிடாவில் நம் ஆட்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "பதவியை விட்டு இறங்கினவர் ஆறு வருஷம் லாபி பண்ணக்கூடாதாமே, அப்புறம் எப்படி அவர் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கார்?" என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் சொந்த விவகாரம் ஏதாவது இதில் சிக்கியிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

லாபியிங்னா என்ன? லஞ்சத்துக்கு நாகரிகமான பேர்தானே?

இல்லை. ஒரு நிறுவனமோ சங்கமோ நகராட்சியோ கொடுக்கும் காசுக்கு, அவர்கள் சார்பில் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் அரசுத் துறைகளிடமும் பேசி, ஒரு மசோதாவையோ பட்ஜெட் ஒதுக்கீட்டையோ அரசு கான்டிராக்டையோ தங்களுக்குச் சாதகமாகத் திருப்பப் பார்ப்பது லாபியிங். அமெரிக்காவில் அது சட்டப்படியான தொழில். சர்க்கரைக் கம்பெனிக்கும் லாபிஸ்ட் உண்டு, ஆசிரியர் சங்கத்துக்கும் உண்டு, மருத்துவமனைக்கும் உண்டு.

ஃப்ளோரிடாவில் இதற்கு விதிகளும் கறாரானவை. லாபிஸ்ட் பதிவு செய்துகொள்ள வேண்டும். லாபி நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். "மசோதா பாஸானால் இவ்வளவு" என்று வெற்றிக்குக் கமிஷன் பேச முடியாது. 2005 கடைசியில் வந்த சட்டத்துக்குப் பிறகு, லாபிஸ்ட் ஓர் உறுப்பினருக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பதுகூடத் தப்பு.

யார் வேணா லாபி பண்ணலாம்னா முன்னாள் உறுப்பினரை மட்டும் ஏன் தடுக்கணும்? அவரும் பொழைக்க வேண்டாமா?

டாலஹாசி தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தின் நான்காவது மாடியில், கீழவைக்கும் மேலவைக்கும் நடுவே ஒரு வட்டக் கூடம் இருக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் லாபிஸ்டுகள் அங்கேதான் நிற்பார்கள். ஒரு கண் டிவித் திரையில், ஒரு கண் அவைக் கதவில், கையில் ஃபோன். அந்தக் கூட்டத்தில் புதிதாக வந்தவர், உறுப்பினர் வெளியே வரும்போது தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். முன்னாள் உறுப்பினருக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளே இருப்பவரே ஃபோனில் கூப்பிட்டு "எங்க இருக்க?" என்பார். எந்தக் குழுத் தலைவர் எதற்கு மசிவார், இரு அவைகளின் பட்ஜெட் வித்தியாசங்கள் எந்தக் கட்டத்தில் பேசித் தீர்க்கப்படுகின்றன, கடைசி நேரத்தில் அங்கங்கே தூவப்படும் நிதிப் பட்டியலில் ஒரு வரியை எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதைக் கற்றது மக்கள் கொடுத்த பதவியில், மக்கள் செலவில்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. பதவியின் கடைசி ஆண்டில் ஒருவர் போடும் ஓட்டுதான் அது. அடுத்த வருஷம் தனக்கு வேலை தரப்போகிற நிறுவனத்தின் மசோதா முன்னால் வரும்போது, அவர் ஒரு பைசா வாங்க வேண்டியதில்லை, யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை. லஞ்சச் சட்டத்தால் அதைத் தொட முடியாது. அந்த வேலையே கிடைக்காது என்று செய்துவிட்டால் ஆசைக்கு வேலையில்லை. தடையின் கணக்கு அதுதான்.

சரி, ஃப்ளோரிடா சட்டம் துல்லியமா என்ன சொல்லுது?

இது சாதாரணச் சட்டம் இல்லை, மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது: 2ஆம் உறுப்பு (Article), 8ஆம் பிரிவு. சட்டமன்ற உறுப்பினரும், ஆளுநர் போல மாநிலம் முழுவதும் ஓட்டு வாங்கி வந்தவர்களும், பதவி விட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குச் சட்டமன்றத்திடமோ எந்த மாநில அரசு அமைப்பிடமோ ஊதியத்துக்காக லாபி செய்யக்கூடாது. கொள்கை, நிதி ஒதுக்கீடு, அரசுக் கொள்முதல் ஆகிய மூன்று விஷயங்களுக்கும் இது பொருந்தும்.

முன்பும் ஒரு தடை இருந்தது. 1976இல் ஆளுநர் ரூபின் ஆஸ்க்யூ மக்களிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த திருத்தம் அது. 2 ஆண்டுதான், அதுவும் தான் இருந்த அமைப்பின் முன் நேரில் போய் நிற்பதற்கு மட்டும். ஆக, சட்டமன்றத்தை விட்டுவிட்டு நேராக அரசுத் துறைகளில் போய் லாபி செய்ய வழி இருந்தது. 2013இல் வந்த சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. ஆனாலும் காலம் 2 ஆண்டாகவே நின்றது.

ஆறு வருஷம் ரொம்ப ஓவர் இல்லையா? ரெண்டு வருஷம் போதாதா?

ஃப்ளோரிடாவில் கீழவை உறுப்பினரின் பதவிக்காலம் 2 ஆண்டு. 1992இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த வரம்பின்படி ஒருவர் ஓர் அவையில் தொடர்ந்து 8 ஆண்டுதான் இருக்க முடியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2 ஆண்டுத் தடை என்றால் நடுவில் ஒரே ஒரு தேர்தல். நீங்கள் கைப்பிடித்துக் கூட்டிவந்த புதுமுகங்கள் எல்லாம் அப்போதுதான் குழுத் தலைவர்களாகி இருப்பார்கள். அதாவது, உங்கள் பழக்கத்துக்கு மதிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துத் தடை முடிகிறது! சில நிறுவனங்களுக்கு அது தண்டனைக் காலமே இல்லை, பயிற்சிக் காலம்.

6 ஆண்டு என்றால் மூன்று தேர்தல். நீங்கள் விலகும்போது கீழவையில் 2 ஆண்டு முடித்திருந்த எவரும், நீங்கள் திரும்பி வரும்போது அந்த அவையில் தொடர்ந்து இருக்க முடியாது. நீங்கள் விலகிய தேர்தலில் புதிதாக வந்தவர்களில் சிலர் மட்டும் தங்கள் கடைசித் தவணையில் இருப்பார்கள்.

இதில் ஒரு கிழிசலும் உண்டு. கீழவையில் 8 ஆண்டு முடித்தவர்கள் மேலவைக்குப் போவது இங்கே சகஜம். குழு அலுவலர்களுக்கோ காலவரம்பே கிடையாது. ஆகவே 6 ஆண்டில் எல்லாத் தொடர்பும் அறுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சந்தையில் அந்தத் தொடர்பின் விலை விழும், அவ்வளவுதான். 6 ஆண்டு பழைய டைரிக்கு எந்த நிறுவனமும் பெரிய சம்பளம் கொடுக்காது.

சட்டமன்றமே தனக்கு எதிரா இப்படி ஒரு சட்டம் போட்டுக்கிச்சா? நம்பவே முடியலையே!

போட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளோரிடாவில் 20 ஆண்டுக்கு ஒருமுறை 37 பேர் கொண்ட அரசியலமைப்புச் சீராய்வு ஆணையம் கூடும். அது எழுதும் திருத்தங்கள் சட்டமன்றத்தின் கையைத் தொடாமல் நேராக மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். 2017-18 ஆணையம் அனுப்பியவற்றில் ஒன்றுதான் 12ஆம் திருத்தம். 2018 நவம்பர் 6 அன்று கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். தேவைப்பட்டது 60. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்ளும் மாநிலத்தில் இப்படி ஓர் ஒற்றுமை அபூர்வம்.

ஆணையத்தில் இதை முன்வைத்தவர் டான் கேட்ஸ், மேலவையின் முன்னாள் தலைவர். மேலே சொன்ன 2013 சட்டமும் அவர் தலைவராக இருந்தபோது வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால் 2024இல் அவர் மீண்டும் மேலவைக்குத் தேர்வானார். ஆகவே தான் எழுதிய தடை இப்போது அவருக்கும் உண்டு.

எங்க ஏரியா முன்னாள் உறுப்பினர் 2022லதான் பதவி விட்டார். இப்போ லாபிஸ்டா பதிவு பண்ணியிருக்கார். எப்படி?

தேதியைக் கவனியுங்கள். புதுத் தடை அமலுக்கு வந்தது 2022 டிசம்பர் 31. ஃப்ளோரிடாவிலோ சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்தல் நாளன்றே பதவிக்கு வருகிறார்கள், பழையவர்களின் காலமும் அன்றே முடிகிறது. 2022இல் அது நவம்பர் 8. ஆகவே அன்று வெளியேறியவருக்குப் பழைய 2 ஆண்டு விதிதான். அதுவும் 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. அவர் செய்வதில் சட்டப்படி தப்பில்லை.

2024 நவம்பரில் வெளியேறியவர்கள் 2030 நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். 2018இல் மக்கள் ஓட்டுப் போட்டும் நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. மூட்டை கட்டுவதற்கு அது தாராளமான நேரம்.

எங்க சங்கத்துக்குக் கட்டட நிதி வேணும். தெரிஞ்ச முன்னாள் உறுப்பினர் நட்புக்காக ஒரு ஃபோன் போட்டுச் சொன்னா அவர் மாட்டுவாரா?

மாட்ட மாட்டார். தடை ஊதியத்துக்கு லாபி செய்வதற்குத்தான். பணம் வாங்காமல், குடிமகனாக, நம்பிக்கையின் பேரில் பேசுவதை யாரும் தடுக்கவில்லை.

ஆனால் இங்கே சிலர் ரொம்பச் சாமர்த்தியமாக யோசிக்கிறார்கள்: "அவருக்கு விழா ஆலோசகர்னு மாசாமாசம் ஏதாவது கொடுத்துடுவோம், ஃபோன் மட்டும் சும்மா போடட்டும்." அந்த வேலைக்குப் போகாதீர்கள். காசுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்றுதான் விசாரணையில் கேட்பார்கள். சங்கத்தின் பெயர் நாறும், அவர் பெயரும் நாறும். உங்கள் தொகுதியின் இப்போதைய உறுப்பினர் அலுவலகத்தில் நிதி கோரும் படிவம் கொடுப்பார்கள். நேராக அங்கே போங்கள்.

வாஷிங்டன்லயோ, கவுண்டி ஆபீஸ்லயோ லாபி பண்ணலாமா?

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் செய்யலாம். 6 ஆண்டுத் தடை மாநிலச் சட்டமன்றத்துக்கும் மாநில அரசு அமைப்புகளுக்கும்தான். நாடாளுமன்றம், மாவட்டம் போன்ற கவுண்டி, நகராட்சி எல்லாம் அதற்கு வெளியே. மயாமி போன்ற பெரிய கவுண்டியின் கான்டிராக்டுகளில் புரளும் பணத்தை நினைத்தால் இது சின்ன விலக்கு இல்லை.

கவுண்டி ஆணையர்களுக்கும் மேயர்களுக்கும் தனி விதி: அவர்கள் தாங்கள் இருந்த அமைப்பிடம் மட்டும் 6 ஆண்டு போகக்கூடாது. நீதிபதிகளுக்கும் இதே காலத்துக்கு ஒரு தடை உண்டு.

லாபிஸ்ட்னு போடாம 'ஆலோசகர்'னு கார்டு அடிச்சுக்கிட்டா?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

2022இல் வந்த அமலாக்கச் சட்டத்தின்படி, வாய்மொழியாகவோ எழுத்திலோ மின்னஞ்சல் போன்ற வழியிலோ தொடர்புகொண்டு ஒரு முடிவைத் திருப்ப முயல்வதுதான் லாபியிங். இதை வைத்து ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். முன்னாள் குழுத் தலைவர் ஒருவர் லாபி நிறுவனத்தில் மூத்த ஆலோசகர். காலையில் மசோதாவைப் படிக்கிறார். "இந்த 40ஆம் வரியை மாத்துங்க, இல்லன்னா மேலவையில அந்த அம்மா விடமாட்டாங்க. திருத்தத்தைக் குழுவில் கொடுக்காதீங்க, அவையில் கொடுங்க. முதல்ல இவரைப் பாருங்க, அப்புறம் அவரை" என்கிறார். நிறுவனத்தின் இளம் லாபிஸ்ட் அதைக் குறித்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் போகிறார். பெரியவர் அரசுத் தரப்பில் யாரையும் தொடர்புகொள்ளவில்லை. ஆகவே அவர் லாபி செய்யவில்லை. அதே மனிதர் மதியம் பொறுமையிழந்து, "தம்பி வருவார், கொஞ்சம் பாருப்பா" என்று பழைய சகாவுக்கு ஒரு மெசேஜ் தட்டினால் போச்சு.

வாஷிங்டனிலும் இதே கதைதான். அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த டாம் டாஷ்ல் 2005இல் பதவி விட்டார். பெரிய சட்ட நிறுவனங்களில் ஆலோசகராக இருந்தவர் 2016இல்தான் லாபிஸ்டாகப் பதிவு செய்தார். அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆலோசனையையும் தடுத்துவிடலாமே என்றால், ஒருவர் தனக்குத் தெரிந்ததை மாணவர்களுக்கோ பத்திரிகைக்கோ சொல்வதும் அந்த வலைக்குள் வந்துவிடும். ஆகவே இந்த ஓட்டையை முழுக்க அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன். இருந்தாலும், முகத்தைக் காட்டி வாங்கும் சம்பளமும் பின்னறையில் உட்கார்ந்து வாங்கும் சம்பளமும் ஒன்றாக இருக்காது.

மருத்துவமனைக் கம்பெனியில நிர்வாக வேலைக்குப் போனா? முன்னாள் அரசியல்வாதிங்க பல்கலைக்கழகத் தலைவரா ஆகறாங்களே?

போகலாம். தன் வழக்கமான வேலையின் ஒரு பகுதியாக அரசோடு பேசும் ஊழியர் லாபிஸ்ட் ஆகிவிட மாட்டார். அவருடைய முக்கியப் பொறுப்பே அரசோடு உறவாடுவதுதான் என்றால் தடை வந்து பிடிக்கும். எது முக்கியப் பொறுப்பு, எது ஓரமான வேலை என்ற கோட்டை வரைவதுதான் சிரமம்.

பல்கலைக்கழகங்கள் விஷயத்தில் ஃப்ளோரிடாவில் உதாரணங்கள் நிறைய. கீழவையின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் கோர்கோரன் மாநில அரசுக் கல்லூரியான நியூ காலேஜின் தலைவரானார். அரசு ஊழியர் தன் பணியின் பேரில் சட்டமன்றத்திடம் பேசுவது தடையில் வராது. ஆனால் அந்தப் பதவிகளுக்கு இவர்களைத் தேடிப் பிடிப்பதே டாலஹாசியில் இருக்கும் செல்வாக்குக்காகத்தானே என்று கேட்பவர்களிடம் என்னால் வாதாட முடியாது.

அவர் மனைவியோ மகனோ லாபிஸ்டா இருந்தா?

தடை பதவி வகித்தவருக்கு மட்டும். குடும்பத்துக்கு இல்லை.

பேச்சுரிமைன்னு கோர்ட்டுக்குப் போனா இது நிக்குமா?

அரசிடம் முறையிடுவது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் உரிமை. அதனால் இந்தக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்கப்படுவது இல்லை. ஒஹையோவில் முன்னாள் உறுப்பினர் ஒருவர், காசு வாங்காமல் ஒரு வரி எதிர்ப்பு அமைப்புக்காகப் பேசக்கூட ஓராண்டு தடை குறுக்கே நிற்கிறது என்று வழக்குப் போட்டார். 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மிசூரியில் 2018இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 2 ஆண்டுத் தடையை எதிர்த்தும் ஒரு முன்னாள் உறுப்பினர் வழக்குப் போட்டார். 2024இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை முதல் திருத்தத்துக்கு முரண் என்றது. ஊழல் நடக்கும் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஃப்ளோரிடா வேறு வட்டாரத்தில், பதினோராவதில், இருப்பதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. 12ஆம் திருத்தத்தின் இன்னொரு பகுதி, பதவியில் இருக்கும்போதே வேறு அரசு அமைப்புகளிடம் லாபி செய்யக்கூடாது என்பது. மயாமி பக்கத்து உள்ளாட்சிப் பதவியாளர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட, நீதிபதி பெத் ப்ளூம் 2022 டிசம்பரில் தற்காலிகமாகவும் 2023இல் நிரந்தரமாகவும் அதன் அமலாக்கத்தை நிறுத்தினார். செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு "ஆறு வருஷத் தடையே போயிடுச்சாம்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த வழக்கு பதவியில் இருப்பவர்களைப் பற்றியது. பதவி விட்ட பிறகான 6 ஆண்டு அதில் வரவில்லை.

மத்த மாநிலங்கள்ல எப்படி?

பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. கலிஃபோர்னியாவில் ஓராண்டு. நியூயார்க், கொலராடோ, வடக்கு டகோட்டாவில் இரண்டாண்டு. இல்லினாய் 2021இல்தான் 6 மாதம் என்று ஆரம்பித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் கீழவைக்கு 1 ஆண்டு, மேலவைக்கு 2 ஆண்டு. இவ்வளவு நீண்ட தடை ஃப்ளோரிடாவில்தான்.

வருஷச் சம்பளம் 29,697 டாலர்தானாமே. இதுல தடையும் போட்டா நல்லவங்க எப்படி வருவாங்க?

அந்தத் தொகை சரிதான். வழக்கமான கூட்டத்தொடர் 60 நாள், பகுதிநேர சட்டமன்றம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பணக்காரர், ஓய்வு பெற்றவர், சொந்தமாகத் தொழில் வைத்திருப்பவர் தவிர மற்றவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. கைநிறையச் சம்பளம் கொடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் "இப்போ குறைவா வாங்கிக்க, அப்புறம் லாபியில சம்பாதிச்சுக்க" என்பதைச் சம்பளத் திட்டமாக ஏற்க முடியாது. அந்த மிச்சத்தைக் கொடுப்பவர் வரி செலுத்துபவர் இல்லையே. வக்கீல் வேலை, மருத்துவம், வியாபாரம், ஆசிரியப் பணி எதையும் இந்தத் திருத்தம் தடுக்கவில்லை.

மீறினா என்ன ஆகும்? ஜெயிலா?

இல்லை. மாநில நெறிமுறை ஆணையம் விசாரிக்கும். மீறல் உறுதியானால் 10,000 டாலர் வரை அபராதம், கண்டனம், அந்த வேலையில் சம்பாதித்த பணத்தை இழப்பது. பெரிய லாபி நிறுவனத்துக்கு 10,000 டாலர் கொசுக்கடி. சம்பாதித்ததையும் பிடுங்குவார்கள் என்பதுதான் உறைக்கும்.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆணையம் தானாக விசாரணையைத் தொடங்க முடியாது, யாராவது சத்தியப் பிரமாணத்தோடு புகார் கொடுக்க வேண்டும். 2024இல் வந்த சட்டம், புகார் கொடுப்பவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது கேள்விப்பட்டதைத் தாண்டிய ஆதாரம் இருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டது. மேலே சொன்ன அந்த மெசேஜை நேரடியாக அறிந்தவர்கள் இரண்டு பேர், அனுப்பியவரும் வாங்கியவரும். இரண்டு பேருமே புகார் கொடுக்கப் போவதில்லை.

எங்க பழைய உறுப்பினர் இப்போ யாருக்கு வேலை பாக்கறார்னு நாங்களே பாக்க முடியுமா?

முடியும், காசும் கிடையாது. ஃப்ளோரிடா லாபிஸ்ட் பதிவுத் தளத்தில் பெயரைப் போட்டால், சட்டமன்றத்துக்குத் தனியாகவும் அரசுத் துறைகளுக்குத் தனியாகவும் பட்டியல் வரும். யார் யாருக்காகப் பதிவு செய்திருக்கிறார் என்று தெரியும். நிறுவனத்தின் பெயரைப் போட்டால் காலாண்டு வருமானக் கணக்கு வரும். அதில் பெரும்பாலும் சரியான தொகை இருக்காது, 10,000 முதல் 19,999 டாலர் வரை என்பது போல அடுக்காகக் காட்டுவார்கள்.

பெயர் பட்டியலில் இல்லை என்றால், ஒன்று அவர் ஒழுங்காக ஒதுங்கியிருக்கிறார், இல்லை 'ஆலோசகர்' கார்டு வைத்திருக்கிறார். நிறுவனத்தின் இணையதளத்தில் 'எங்கள் குழு' பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் முகங்களைப் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.